சைட்டுக்கு ஒரு மழைத் திட்டம்: ஏன் ஒரு டாக்டர் இதைக் கேட்கிறேன்?

1/
நீண்ட இழை. கட்டட வேலை நடக்கிற இடத்துல பெய்யுற மழைத்தண்ணி எங்கே போகுது, அதைப் பார்த்துக்க நாம யாருக்காவது பயிற்சி கொடுத்திருக்கோமா என்பதைப் பற்றி. "இதுல டாக்டருக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் முதல் ஆறு பதிவையாவது படித்துவிட்டு முடிவு பண்ணுங்க.

2/
வடகிழக்குப் பருவமழை நேரம். ஆறு வயசுப் பெண் குழந்தை. நாலு நாள் காய்ச்சல். அன்றைக்குக் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. "சரியாயிடுச்சுன்னு நினைச்சோம் மேடம்" என்றார் அம்மா. கை கால் சில்லென்று இருந்தது, நாடி பலவீனம், வயிற்று வலி, விடாத வாந்தி. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் பல பேருக்கு ஆபத்தான நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிரஷர் இறங்கும். இது பல வீடுகளில் தெரிவதில்லை.

3/
மணிக்கு மணி பார்த்து ட்ரிப்ஸ் அளவை ஏற்றி இறக்கி, இரண்டு ராத்திரி தாண்டியது. பிழைத்துக்கொண்டாள். இட்லி வேணும்னு அழுத அன்றைக்குத்தான் எங்களுக்கு உயிர் வந்தது. அவள் வீட்டுக்குப் போய் நாலு நாளில் தம்பி அதே காய்ச்சலோடு வந்தான். அதற்கடுத்த நாள், அவர்களோடு வேலை பார்க்கும் ஒரு சென்டரிங் தொழிலாளி.

4/
மூன்று கேஸ் ஷீட்டிலும் முகவரி ஒன்றுதான். கதவு எண் கிடையாது. "புது பில்டிங், டீக்கடை எதிரில்." கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள்ளேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும் குடும்பங்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் வார்டில் ஒரு வாரம் உட்கார்ந்து முகவரிக் கட்டத்தை மட்டும் படித்தால் போதும், இந்த மாதிரி முகவரி திரும்பத் திரும்ப வரும்.

5/
சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது. கொசுப்புழு பார்க்கும் பணியாளர் அக்கா நேரில் போனார். "இன்ஜினியர் இல்ல, உள்ள விடமுடியாது" என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை சுகாதார ஆய்வாளரோடு போய்ப் பார்த்தால், லிஃப்ட் குழியில் முழங்கால் அளவுக்கு மழைத்தண்ணி. முழுக்கப் புழு. மேல்தளத்தில் க்யூரிங்குக்காகப் பாத்தி கட்டி நிறுத்தின தண்ணியிலும் புழு.

6/
அபராதம் போட்டார்கள். கட்டினார்கள். பிறகு மோட்டார் வைத்துக் குழித் தண்ணியை இறைத்தார்கள். எங்கே? தெருவில் இருக்கும் மழைநீர் வடிகாலில், சேறும் மணலும் சிமெண்ட் பாலுமாக. அடுத்த மழைக்கு அந்த வடிகால் மொத்தத் தண்ணியையும் தெருவுக்கே திருப்பிக் கொடுத்தது. ஒரு சைட்டின் வியாதியை எடுத்து நாலு தெருவுக்குப் பங்கு போட்டோம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வேறு எப்படிச் செய்யணும்னு அங்கே யாருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அவ்வளவுதான்.

7/
இதைக் கலிபோர்னியாவில் சிவில் இன்ஜினியராக இருக்கும் என் பள்ளித்தோழியிடம் போனில் புலம்பினேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "அந்த சைட்டுக்கு எஸ்.டபிள்யூ.பி.பி.பி. யாருடி எழுதினா?" எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பேச்சில் "ஸ்விப்" என்பார்களாம். தமிழில் சொன்னால், கட்டுமான இடத்துக்கான மழைநீர் மாசுத் தடுப்புத் திட்டம். அதை எழுத அவள் தனியாகப் பயிற்சி எடுத்து, பரீட்சையும் எழுதியிருக்கிறாள்.

8/
கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் 1972-ல் வந்தது. ஆரம்பத்தில் அதன் கவனமெல்லாம் தொழிற்சாலைக் குழாய்கள், சாக்கடைகள் மேல். மழைநீரும் அழுக்கைச் சுமந்து போகுது என்பதை 1987-ல்தான் சட்டத்தில் தெளிவாகச் சேர்த்தார்கள். 1990 விதிகளில் 5 ஏக்கரும் அதற்கு மேலும் மண்ணைக் கிளறும் கட்டுமானங்களுக்கு அனுமதி கட்டாயம் ஆனது. 1999 விதிகள் அதை 1 ஏக்கருக்கு இறக்கின.

9/
ஏன் இவ்வளவு அக்கறை? அவர்களுடைய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு இது: கட்டுமான இடத்திலிருந்து அடித்துப் போகும் மண், விவசாய நிலத்திலிருந்து போவதைவிட 10 முதல் 20 மடங்கு. காட்டு நிலத்தோடு ஒப்பிட்டால் 1,000 முதல் 2,000 மடங்கு. புல் பூண்டு இல்லாத, தோண்டிப் போட்ட மண் மேல் ஒவ்வொரு மழைத்துளியும் சுத்தியல் மாதிரி விழுகிறது.

10/
அதனால் அங்கே கடைக்கால் தோண்டும் முன்பே திட்டம் எழுதியாகணும். பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் சொந்த அனுமதி விதிகளை வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் இரண்டு தகுதிகள்: திட்டத்தை எழுதுபவர் ஒருவர், தளத்தில் அதை நடத்திக் காட்டுபவர் இன்னொருவர். இருவருக்கும் பயிற்சி, பரீட்சை. எழுதுகிறவருக்கு மேலதிகமாக இன்ஜினியர் உரிமம் போன்ற தொழில் தகுதியும் வேணும். "எனக்குத் தெரியும்"னு யாரும் உள்ளே வர முடியாது.

11/
அந்தப் பயிற்சியில் என்ன சொல்லித் தருகிறார்கள்? பெரிய ராக்கெட் சயின்ஸ் இருக்கும்னு நினைத்தேன். தோழி தன் பாடக் குறிப்புகளை வரிசையாகச் சொல்லச் சொல்ல, எங்கள் ஆஸ்பத்திரித் தொற்றுத் தடுப்பு வகுப்பு மாதிரியே இருந்தது.

12/
முதல் பாடம்: வரைபடம். மனையின் சரிவு எந்தப் பக்கம்? தண்ணி எந்த இடத்தில் வெளியேறும்? அது எந்த வடிகாலில் விழும், அந்த வடிகால் எந்த ஆற்றில் அல்லது ஏரியில் சேரும்? மண் குவியல் எங்கே, சிமெண்ட் எங்கே, டீசல் எங்கே, தொழிலாளர் கழிப்பறை எங்கே? எல்லாம் ஒரு தாளில் வரணும். நோயாளியைத் தொடுவதற்கு முன் ஹிஸ்டரி எடுப்பது மாதிரி.

13/
இரண்டாவது: மண் கிளம்பாமல் பார்ப்பது முதல் வேலை, கிளம்பின மண்ணைப் பிடிப்பது இரண்டாவது வேலை. மொத்த இடத்தையும் ஒரே நாளில் பொக்லைன் விட்டுப் புரட்டாதே. இப்போ வேலை செய்யப் போகிற பகுதியை மட்டும் திற. இருக்கிற மரத்தையும் புல்லையும் முடிந்தவரை விட்டு வை. வேலை நிற்கிற பகுதியை மூடு. வருமுன் காப்பதுதான் மலிவு என்று நாங்களும் தினமும் சொல்கிறோம்.

14/
மூன்றாவது: எல்லையில் தடுப்பு. தாழ்வான பக்கம் மண் வடிகட்டும் துணி வேலி. பக்கத்து வடிகால் வாய்க்கு மண் போகாத தடுப்பு. லாரி வெளியேறும் வாசலில் ஜல்லி பரப்பிய பாதை, டயர் சேறு ரோட்டுக்கு வராமல் இருக்க. மணல், மண் குவியலுக்கு மேலே தார்ப்பாய். துணி வேலியின் பாதி உயரத்துக்கு மண் சேரும் முன் அள்ளிவிடணும் என்பது வரை விதி இருக்கிறது.

15/
நாலாவது, எனக்கு மிகவும் பிடித்தது: கான்கிரீட் கழுவும் இடம். ரெடிமிக்ஸ் லாரியின் சரிவுப் பாதையையும், தட்டு, கரணை எல்லாவற்றையும் கழுவும் தண்ணி வெளியே ஒரு சொட்டு போகக்கூடாது. கசியாத தொட்டியில் விழணும், கெட்டியானதும் உடைத்துக் கழிவாக எடுத்துப் போகணும். ஏன் பிடித்தது? அந்தத் தண்ணி என்ன செய்யும்னு நான் ஓ.பி.யில் பார்க்கிறேன்.

16/
ஈர சிமெண்டின் பி.ஹெச். 12-க்கு மேல். கடுமையான காரம். அதில் வெறுங்காலோடு நிற்கும்போதோ முட்டி போட்டு வேலை செய்யும்போதோ உடனே வலிக்காது. அதுதான் வில்லங்கம். சாயங்காலம் குளிக்கும்போது பார்த்தால் தோல் வெந்து கருத்திருக்கும். "தண்ணிதானே மேடம் பட்டுச்சு" என்று சித்தாள் வேலைக்கு வந்த ஒரு அம்மா கேட்டார். அவர் முட்டியில் ஆழமான தீப்புண் மாதிரி காயம். அதே தண்ணியை மீன் இருக்கும் குளத்தில் விட்டால் என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

17/
அதே சிமெண்ட் பால் வடிகாலில் போனால் இன்னொரு வேலையும் செய்யும். சிமெண்ட் தண்ணிக்குள்ளேயும் இறுகும். மணலோடு சேர்ந்து வடிகாலின் அடியில் பாறையாகிவிடும். சேற்றை உறிஞ்சும் வண்டியால் அதை எடுக்க முடியாது, கடப்பாரை வேணும். கடப்பாரையோடு உள்ளே இறங்குவது ஒரு மனிதர். மூணு அடி ஆழ வடிகாலில் ஒரு அடி படிந்தாலே மூன்றில் ஒரு பங்கு போச்சு. அப்புறம் "வடிகால் கட்டியும் தண்ணி நிக்குதே"ன்னு எல்லாரையும் திட்டுவோம்.

18/
ஐந்தாவது: நடந்து பார்ப்பது. கூட்டாட்சி அரசின் 2022 அனுமதி விதிப்படி, 7 நாளுக்கு ஒருமுறை தளம் முழுக்க ஆய்வு செய்யணும். அல்லது 14 நாளுக்கு ஒருமுறையும், கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. மழை பெய்தால் 24 மணி நேரத்துக்குள் கூடுதலாக ஒருமுறையும். ஆய்வு செய்பவர் பயிற்சி பெற்றவராக இருக்கணும். அதற்கு இலவச இணையவழிப் பாடமும் பரீட்சையும் வைத்திருக்கிறார்கள். சின்னப் பழுது என்றால் அடுத்த வேலை நாளுக்குள் சரி பண்ணணும்.

19/
இந்த 7 என்ற எண்ணில்தான் நான் நின்றுவிட்டேன். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக நம்ம ஊர் வெயிலில் சுமார் 7 முதல் 10 நாள் ஆகும். அவர்கள் மண்ணுக்காக வைத்த அதே வாராந்திர நடை, நமக்குக் கொசுவுக்கும் பயன்படும். ஒரே ஆள், ஒரே தாள், ஒரே நடை. லிஃப்ட் குழி, சம்ப், பெயிண்ட் டப்பா, க்யூரிங் பாத்தி, வடிகால் வாய், எல்லாம் ஒரே சுற்றில்.

20/
ஒரு எச்சரிக்கையும் உண்டு. சேறு படிய வைக்கும் தொட்டி அவர்கள் ஊரில் நல்ல யோசனை. நம்ம ஊரில் கவனிக்காமல் விட்டால் அதுவே கொசுத் தொழிற்சாலை. சேறு அடியில் தங்கி மேலே தெளிந்த தண்ணி நின்றால் ஏடிஸுக்கு விருந்துதான். அதனால் அப்படியே காப்பி அடிக்க முடியாது. தெளிந்ததும் ஓரிரு நாளில் அதை எடுத்து க்யூரிங்குக்கோ தூசி அடக்கவோ பயன்படுத்தித் தொட்டியைக் காலி பண்ணணும். இதைத் திட்டத்திலேயே எழுதணும். ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரில் பல மாதம் உயிரோடு இருக்கும், அதனால் தொட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவவும் எழுதணும்.

21/
இப்போ நீங்க கேட்கப் போகிற கேள்விகள். "நம்மகிட்ட சட்டமே இல்லையா?" இருக்கு. கொசு உற்பத்தியைத் தடுக்க 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கட்டட இடிபாட்டுக் கழிவு வடிகாலை அடைக்கக் கூடாது என்று 2016 விதிகள் சொன்னன. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களுக்கு 2006 அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி வேணும்.

22/
ஆனா இவை எல்லாமே "செய்யாதே" என்கின்றன, அல்லது தப்பு நடந்த பிறகு அபராதம் போடுகின்றன. "இப்படிச் செய்" என்று மேஸ்திரிக்கு யாரும் காட்டுவதில்லை. எங்க சைட் கதையில் அபராதம் வேலை செய்தது. ரசீது வந்தது, தண்ணி இறைத்தார்கள். அந்தத் தண்ணி எங்கே போச்சுன்னுதான் பார்த்தீங்களே.

23/
"அமெரிக்கா பணக்கார நாடு, அங்கே எல்லாம் சரியா நடக்கும்." இல்லீங்க. அங்கேயும் போன சைட்டின் திட்டத்தில் பெயரை மாற்றி ஒட்டும் ஆட்கள் உண்டு என்று தோழியே சொன்னாள். ஆய்வு அறிக்கையை ஏ.சி. அறையில் உட்கார்ந்து நிரப்புகிறவர்களும் உண்டாம். வேலி சாய்ந்து கிடக்கும், ஃபைல் மட்டும் நிமிர்ந்து நிற்கும். இது எனக்குப் புதுசு இல்லை. ஆஸ்பத்திரித் தர ஆய்வு வருகிற வாரம் மட்டும் பளபளக்கும் ரெஜிஸ்டர்களை நானும் பார்த்திருக்கேன்.

24/
அதனால்தான் நான் "திட்டம் வேணும்" என்பதைவிட "பயிற்சி வேணும்" என்று அழுத்துகிறேன். மருத்துவக் கழிவு விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1998-லேயே விதி வந்தாச்சு, 2016-ல் புது விதியும் வந்தது. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது சுவரில் மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை எல்லாம் ஒட்டியிருந்தது. ஊசி எல்லா வாளியிலும் கிடந்தது.

25/
நான் பார்த்த வார்டில் அது மாறியது எப்போ? போஸ்டரைப் பெரிதாக்கினபோது இல்லை. ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா தூய்மைப் பணியாளர்களை உட்கார வைத்து, வாளியைக் கொட்டிக் காட்டி, "இது குத்தினா உனக்கு என்ன வரும் தெரியுமா"ன்னு சொன்னபோது. அதற்குப் பிறகு ஊசியைத் தப்பான வாளியில் போட்ட டாக்டரை அந்தப் பணியாளர் அம்மாவே நிறுத்திக் கேட்டார். அந்த டாக்டர் நான்தான். திட்டம் அப்போதான் காகிதத்திலிருந்து தரைக்கு இறங்கியது.

26/
அடுத்த கேள்வி முக்கியமானது. அவர்களுடைய வரம்பு 1 ஏக்கர். ஒரு ஏக்கர்னா 43,560 சதுர அடி, சுமார் 18 கிரவுண்டு. நம்ம தெருவில் நடக்கிற வேலை ஒரு கிரவுண்டு, அரை கிரவுண்டு. அவர்கள் விதியை அப்படியே கொண்டு வந்தால் நம்ம தெருவில் ஒரு சைட்டும் சிக்காது. நமக்கு வேண்டியது பெரிய பில்டருக்கு 100 பக்க ஃபைல் இல்லை, சின்ன மனைக்கு ஒரு பக்கத் தாள்.

27/
"சின்ன வீடு கட்டுகிறவர் கடன் வாங்கிக் கட்டுறார், அவர் தலையில் இன்னொரு செலவா?" நியாயமான கவலை. அதனால் கணக்கைப் பாருங்க. வடிகால் வாயை மறைக்க ஜல்லி நிரப்பிய சாக்கு. மணலுக்கு ஒரு தார்ப்பாய். கழுவுற தண்ணிக்கு ஒரு பழைய டிரம். வாசலில் கொஞ்சம் ஜல்லி. எல்லாமே சைட்டில் ஏற்கெனவே கிடக்கிற பொருள். இல்லாதது ஒன்றுதான்: அதை எங்கே, எப்போ வைக்கணும்னு தெரிந்த ஒரு ஆள்.

28/
"இன்னொரு சான்றிதழ், இன்னொரு கையூட்டு." இதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லை. ஆனா சான்றிதழை ஆபீசில் முத்திரை குத்தித் தருவதற்குப் பதில், தாளை சைட் வாசலில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டச் சொன்னால் தெரு முழுக்க ஆய்வாளர்தான். படிக்கத் தெரிந்த எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் "டிரம் எங்கே?"ன்னு கேட்கலாம்.

29/
என் கோரிக்கை நாலு. ஒன்று: ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்குகளில் மேஸ்திரிகளுக்கும் சைட் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி. ஆகஸ்ட், செப்டம்பரில், மழைக்கு முன்னாடி. தமிழில், நம்ம ஊருக்கு வேலைக்கு வந்திருக்கும் தொழிலாளர்களுக்காக இந்தியிலும் வங்காளத்திலும். பவர்பாயிண்ட் வேண்டாம். ஒரு சைட்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்க. அன்றைக்கு வருகிறவருக்கு ஒரு நாள் கூலியையும் கொடுங்க. இல்லேன்னா யாரும் வரமாட்டாங்க.

30/
இரண்டு: கட்டட அனுமதி கொடுக்கும்போதே ஒரு பக்க மழைத் தாள். வரைபடம், பொறுப்பாளர் யார், வாராந்திரச் சுற்றுக்கான கட்டங்கள்.
மூன்று: கொசுப்புழு பார்க்கும் பணியாளர்களுக்கு அதே பயிற்சி, கூடவே சைட்டுக்குள் நுழையும் தெளிவான அதிகாரம். அவர்கள் வாராவாரம் தெருவுக்கு வருகிறார்கள். வாட்ச்மேன் கேட்டில் நிறுத்தினால் வேலை அங்கேயே முடிந்தது.
நான்கு: அரசு ஒப்பந்த வேலைகளில் முதலில் இதைக் கட்டாயமாக்குங்க. வடிகால் கட்டும் வேலையின் மண்ணே பழைய வடிகாலை அடைப்பதையும் பார்த்திருக்கோம்.

31/
நடக்காதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு ஞாபகம். 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சொன்ன மாநிலம் இது. அன்றைக்கும் நடக்காதுன்னுதான் சொன்னாங்க. வீடு வீடாகக் குழி வந்தது. பிறகு பல குழிகள் தூர்ந்து போனதும் உண்மை, ஏன்னா குழி வெட்டச் சொன்னோம், வருஷா வருஷம் கூழாங்கல்லை எடுத்துக் கழுவச் சொல்லித் தரவில்லை. இரண்டு பாடமும் நமக்கு அதிலேயே இருக்கு.

32/
இப்போ உங்க தெருவில் வேலை நடந்தால் நீங்களே செய்யக்கூடியவை. சண்டைக்குப் போகாதீங்க. மேஸ்திரியிடம் "அண்ணே, அந்த வடிகால் வாய்க்கு ஒரு ஜல்லி மூட்டை போடலாமா?"ன்னு கேளுங்க. லிஃப்ட் குழி, சம்ப்பில் தண்ணி நின்றால் வாரம் ஒருமுறை இறைக்கச் சொல்லுங்க, வடிகாலில் அல்ல, டிரம்மில் தெளிய வைத்து மறுபடி பயன்படுத்தச் சொல்லுங்க. இறைக்க முடியாத குழிக்குக் கொசுப்புழு மருந்து போட சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்க. கேட்கவில்லை என்றால் உள்ளாட்சியில் புகார் கொடுங்க.

33/
நீங்களே வீடு கட்டுகிறவர் என்றால்: கான்ட்ராக்ட் பேசும்போதே இந்த நாலு பொருளையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்க. தொழிலாளர்களுக்குக் கம்பூட்ஸ், கையுறை வாங்கிக் கொடுங்க. சிமெண்ட் பட்டால் உடனே நிறைய ஓடும் தண்ணியில் கழுவணும், நனைந்த துணியைக் கழற்றணும், கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். சைட்டில் தங்கும் குழந்தைகளுக்குக் கொசுவலை கொடுங்க. பகலிலும் கடிக்கும் கொசு அது, பகல் தூக்கத்துக்கும் வலை வேணும்.

34/
காய்ச்சல் பற்றி கடைசியாக. மழைக்காலத்தில் காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, தொடர் வாந்தி, ரத்தக் கசிவு, சில்லிட்ட கை கால், அளவுக்கு மீறின சோர்வு, சிறுநீர் குறைவு, இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், அரசு மருத்துவமனைக்கு வாங்க. டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின், புரூஃபன் மாதிரி வலி மாத்திரை போடாதீங்க. தேங்கின மழைத்தண்ணியில் புண் காலோடு நடந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். தண்ணியில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க.

35/
நான் வெறும் எம்பிபிஎஸ். எனக்கு வடிகால் வடிவமைக்கத் தெரியாது. இன்ஜினியர்கள் இந்த இழையில் தப்பு இருந்தால் திருத்துங்க, திருத்திக்கிறேன். ஆனா அந்தக் குழந்தைக்கு நான் ஏற்றின ட்ரிப்ஸுக்கு மாற்றாக ஒரு மேஸ்திரிக்கு ஒரு நாள் பாடம் போதுமாக இருந்திருக்கும் என்பதை யாராலும் என்னிடமிருந்து மறுக்க முடியாது.

36/
அவளை டிஸ்சார்ஜ் பண்ணும்போது "எங்கே போறீங்க?"ன்னு கேட்டேன். "அதே பில்டிங்தான் மேடம், இன்னும் ரெண்டு மாடி இருக்கு" என்றார் அப்பா. அதுக்கு என்னிடம் மருந்துச் சீட்டு இல்லை. உங்க தெருவில் வேலை நடத்தும் ஒரு இன்ஜினியருக்கோ மேஸ்திரிக்கோ இந்த இழையை அனுப்புங்க.